ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி... மின்னல்!

சித்திரை மாதக் கோடை மழை. காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவுக்குள் ஓட்டுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேகம் கறுத்ததுமே டி.வி. பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டார் என் அம்மா. பளீரென ஒரு மின்னல். "அர்ச்சுனா... அர்ச்சுனா..." என்று அவர் முணுமுணுக்க, என் மகள் கேட்டாள்:

"அப்பா, மேகம் வெறும் தண்ணிதானே? அதுக்குள்ள எப்படி நெருப்பு வருது?"

நல்ல கேள்வி. மேகத்துக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதும்போது மின்னூட்டம் பிரிந்து சேர்கிறது. அங்கே தனியாகத் திரியும் ஓர் எலெக்ட்ரானை அந்த மின்புலம் வேகமாக இழுக்கிறது. அது காற்றின் மூலக்கூறு ஒன்றை மோதி, இன்னோர் எலெக்ட்ரானைத் தட்டி வெளியேற்றும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி... இருபதே சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைதான்! இப்படி எலெக்ட்ரான் உதிர்ந்த காற்றுக்குப் பெயர் பிளாஸ்மா. டியூப் லைட்டுக்குள் ஒளிர்வதும் பிளாஸ்மாதான். ஆனால் மின்னல் பாதையின் வெப்பம் சுமார் 30,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு!

இதில் ஒரு புதிர் உண்டு. தரைமட்டக் காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். பலூன் அனுப்பி மேகத்துக்குள் அளந்தால், பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. பிறகு எப்படி மின்னல் தொடங்குகிறது? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் முதல் எலெக்ட்ரானைத் தருகின்றனவா? முடிவான விடை இன்னும் இல்லை. மின்னல் பிறக்கும் நொடியில், பிறக்கும் இடத்தில் கருவியோடு போய் நிற்க முடியாதே! அதனால் விஞ்ஞானிகள் கம்ப்யூட்டருக்குள் ஒரு மேகத்தை உண்டாக்கி, எலெக்ட்ரான்களை ஓடவிட்டு, ஒவ்வொரு மோதலையும் கணக்குப் போடுகிறார்கள்.

அப்படி ஒரு பெரிய கணக்கு நம் ஊட்டியில் நடந்தது. அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம், வானத்திலிருந்து பொழியும் 'மியூயான்' துகள்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது, அந்த எண்ணிக்கை 2 சதவிகிதம் குறைந்தது. எத்தனை வோல்ட் இருந்தால் இவ்வளவு குறையும்? கம்ப்யூட்டர் மேகத்தின் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். விடை, 130 கோடி வோல்ட்! 2019-ல் வெளியானது. அதுவரை பலூன்கள் கண்ட உச்சம் 13 கோடிதான்.

சக்திவாய்ந்த லேசரும் இதேபோல எலெக்ட்ரானைப் பிய்த்துக் காற்றைப் பிளாஸ்மா ஆக்கும். 2021-ல் சுவிட்சர்லாந்தின் சாண்டிஸ் மலையில், அப்படி லேசர் போட்ட பாதையிலேயே ஒரு மின்னல் சுமார் 50 மீட்டர் தூரம் போனது. நாளைக்கு இதுவே விமான நிலையங்களைக் காக்கும் இடிதாங்கி ஆகலாம்.

அதுவரை? 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். வயலிலோ கண்மாய்க் கரையிலோ நிற்கும்போது இடி கேட்டால், மரத்தடிக்கு ஓடாதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் இடித்தால் ஆபத்து அருகில். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள். மத்திய அரசின் 'தாமினி' செயலியும் போனில் எச்சரிக்கும்.

அடுத்த மின்னலுக்கு மகள் எண்ணத் தொடங்கினாள். ஒன்பதில் இடித்தது. வளவு ஓரம் நின்றவளை என் அம்மா வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

அர்ச்சுனன் பேரைத் தாராளமாகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நின்று சொல்லுங்கள்!