மஞ்சள் தூளை நம்பி மலையேறாதீர்கள்

மே மாதத்தில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வளைவோரம் பானெட்டைத் தூக்கிவிட்டு ஒரு கார் நிற்கும். ஆவி பறக்கும். கையில் தண்ணீர் பாட்டிலோடு ஒருவர் தவித்துக்கொண்டிருப்பார். சுற்றி நிற்பவர்கள் சொல்லும் யோசனை வருடா வருடம் மாறுவதில்லை: "தண்ணி ஊத்துங்க, ஒரு கை மஞ்சத்தூள் போடுங்க, ஓட்டை தானா அடைச்சுக்கும். மேல போனா குளிரு, ஒண்ணும் ஆகாது." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த யோசனை முழுக்கத் தவறு. எஞ்சினையும், சில சமயம் மனிதரின் முகத்தையும் வேகவைக்கிற தவறு.

ரேடியேட்டர் ஒழுகும்போது தண்ணீரோடு அழுத்தமும் சேர்ந்து போகிறது. பெரும்பாலான கார்களின் ரேடியேட்டர் மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும். குக்கருக்கு வெயிட் எப்படியோ, அப்படித்தான் ரேடியேட்டருக்கு இந்த மூடி. கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி சரியாக இருந்தால் அதே உயரத்தில் கொதிநிலை 115 டிகிரியைத் தொடும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்குவதே 82 முதல் 88 டிகிரிக்குள். அப்படியானால், ஒழுகலால் அழுத்தம் இழந்த வண்டிக்கு மேலே மிஞ்சுவது ஐந்தோ பத்தோ டிகிரிதான். மதுரையில் தண்ணீர் ஊற்றிச் சமாளித்த அதே கசிவு பெருமாள்மலையில் வண்டியை நிறுத்துவது இதனால்தான்.

குளிர் காப்பாற்றும் என்பது இன்னும் மோசமான நம்பிக்கை. ஏற்றத்தில் வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் உறுமிக்கொண்டு போகிறது. எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது, வண்டியோ ஊர்கிறது. முன்பக்கம் காற்று போதுமான அளவு புகுவதில்லை. உள்ளே ஐந்து பேர், மேலே மூட்டைகள், முன்னால் நகராத வரிசை. வெளியே 18 டிகிரி என்பதை எஞ்சின் எங்கே உணரப்போகிறது?

வெள்ளி நீர்வீழ்ச்சியில் பிடித்து ஊற்றும் தண்ணீரைச் சுத்தமான மலைத்தண்ணீர் என்று சொல்கிறார்கள். 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய கொடை ஏரி நிரம்பி வழிவதுதான் அங்கே விழுகிறது. ஊர் நடுவே கிடக்கும் ஏரியின் தண்ணீரில் மண்ணும் உப்பும் இருக்கும், அரிப்பைத் தடுக்கும் மருந்து இருக்காது. கூலன்ட் குளிர்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பனியில் உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும் அலுமினியம் அரிக்காமல் காப்பதும் நமக்குத்தான் அதிகம் தேவை.

இனி மஞ்சள் தூள். பழைய ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும், குழாய்கள் அகலம். ஊசித்துளையில் தூள் ஊறி அடைத்துக்கொண்டு, பட்டறை வரை வண்டி போயிருக்கலாம். பட்டறையில் ஈயம் வைத்து ஒட்டினார்கள். இன்றைய கார்களில் இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய்களும், ரப்பர் கேஸ்கெட் வைத்து மடித்து இறுக்கிய பிளாஸ்டிக் தொட்டியும். தொட்டியில் விரிசல் விட்டால் ஈயம் ஒட்டாது, தூளும் அடைக்காது. தூள் போய்ப் படிவது ஓட்டை இல்லாத நல்ல குழாய்களில். ஹீட்டரின் சிறு குழாய்களையும் அது விடுவதில்லை. ஒரு கசிவைக் காட்டி மொத்த ரேடியேட்டரையும் பலி கொடுக்கும் வைத்தியத்தை அனுபவ ஞானம் என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியாது.

எங்கே ஒழுகுகிறது என்று யாருமே கேட்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒழுகல் ரேடியேட்டரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம், மூடியின் ரப்பர் காய்ந்திருக்கலாம், வாட்டர் பம்பின் அடித்துளையில் சொட்டலாம். முன்சீட்டுக் கால்மிதி ஈரமாகி, கண்ணாடியில் இனிப்பு வாடையோடு புகை படிந்தால் ஹீட்டரைப் பார்க்க வேண்டும். வெளியே சொட்டே இல்லாமல் தண்ணீர் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப்புகை விடாமல் வந்தால், அல்லது ஆயில் பால்காபி நிறமானால், ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் வாயில் கைபம்பைப் பொருத்தி, மூடியில் குறித்த அழுத்தம் வரை காற்றடித்து, முள் இறங்குகிறதா என்று கவனிப்பதுதான் பிரஷர் டெஸ்ட். சில நிமிட வேலை. காய்ந்த இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்த உப்புத்தடமும் கசிவைக் காட்டிக்கொடுக்கும். வத்தலக்குண்டிலோ பழனியிலோ, ஏறும் முன்பே இதைச் செய்துகொள்ள முடியும். அன்றாட வாடகையில் பிழைக்கும் டிரைவருக்குச் செலவு கடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஹெட் வளைந்து நின்றால் அவருடைய வருமானமும் சேர்ந்து நின்றுவிடும்.

வெப்பமுள் நடுவில்தானே நிற்கிறது என்ற தைரியமும் வேண்டாம். சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் இறங்கிவிட்டால் முள் பொய் சொல்லும்.

வழியில் கொதித்துவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற வரை காத்திருங்கள். சுட்டுக்கிடக்கும் எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும். ஆறிய பிறகு நிரப்பியும் சொட்டு நிற்கவில்லை என்றால் மேலே ஏறாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். கசிவு சிறிதாக இருந்து இறங்க முடிவு செய்தாலும் எஞ்சினை ஓடவிட்டு, கியரில் இறங்குங்கள். எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டினால் பிரேக் கல்லாகும், ஸ்டீயரிங்கும் கனக்கும்; டம்டம் பாறைக்குக் கீழே இன்னும் எத்தனையோ வளைவுகள் இருக்கின்றன.