ஸ்டோரியா, ஃபைட்டா? துரியோதனனைக் கேளுங்க!

எங்க ஹாஸ்டல்ல ஒரு பஞ்சாயத்து மூணு வருஷமா தீராம ஓடிக்கிட்டு இருக்கு. ரெஸ்லிங் பாக்குற கூட்டம் ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. ஒரு கோஷ்டி, "மைக்கைப் புடிச்சுப் பேசிக்கிட்டே இருக்கானுங்க, எப்படா அடிப்பானுங்க?"ன்னு கத்தும். இன்னொரு கோஷ்டி, "அடி மட்டும் வேணும்னா யூஎஃப்சி பாரு மச்சி, இங்க கதைதான் மேட்டர்"னு பதில் சொல்லும். ரெஸ்லிங்கே பாக்காத ஒருத்தன் நடுவுல வந்து, "ரெண்டுமே டூப்பு, போய் அரியருக்குப் படிங்கடா"ன்னு சொல்லிட்டுப் போவான்.

நான் கதை கோஷ்டி. ஆனா எங்க கோஷ்டி மேலயும் எனக்கு ஒரு புகார் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல அந்த "டூப்பு" விஷயத்தை முடிச்சிடலாம். எனக்கு ஊர் போளூர் பக்கம். கோடை வந்தா எங்க பக்கத்துல திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதம் வைப்பாங்க. பகல்ல பாரதம் படிக்கிறது, ராத்திரி முழுக்கக் கூத்து. கடைசி நாள் காலைல துரியோதனன் படுகளம். தரையில மண்ணால பெருசா துரியோதனன் உருவம் செஞ்சு படுக்க வச்சிருப்பாங்க. வேஷம் கட்டின பீமனும் துரியோதனனும் அங்க சண்டை போடுவாங்க. துரியோதனன் சாகப்போறான்னு மொத்த ஊருக்கும் தெரியும். போன தடவையும் செத்தான், அடுத்த தடவையும் சாவான். இருந்தும் வெயில்ல நின்னு ஜனம் பாக்குது. எங்க ஆயாகிட்ட போய், "ஆயா, இது ஸ்கிரிப்ட்டு"ன்னு சொல்லிப் பாருங்க. துடைப்பக்கட்டை பறக்கும்.

முடிவு தெரியறதுக்கும் மனசு பதறுறதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எங்க ஊர் எப்பவோ கண்டுபிடிச்சிருச்சு. கூத்துல வேஷம் வர்ற விதத்தை யோசிங்க. முதல்ல திரை பிடிப்பாங்க. உள்ள இருந்து சலங்கைச் சத்தம் கேக்கும். கட்டியங்காரன் வர்றது யாருன்னு கேட்டு, ராஜாவோட பெருமையை ஊருக்கே சொல்லுவான். ஃபுல் என்ட்ரன்ஸ், ரிங் அனவுன்சரோட! அண்டர்டேக்கருக்கு மணி அடிக்கும்போது எனக்குப் புல்லரிச்சதுக்கு அமெரிக்கா காரணம் இல்ல.

சரி, இப்போ சண்டைக்கு வருவோம். கதைதான் முக்கியம்னு நான் சொல்றதுக்கு முதல் சாட்சி 2014. ரெஸில்மேனியா 30 அமெரிக்காவுல ஏப்ரல் 6, நமக்கு 7-ம் தேதி திங்கட்கிழமை காலை. அப்போ எனக்குப் பத்து வயசுகூட முழுசா ஆகல. பாக்கெட் நிறைய டிரம்ப் கார்டு வச்சுக்கிட்டுத் திரிஞ்ச காலம். 1991-லேர்ந்து ரெஸில்மேனியாவுல தோத்ததே இல்லாத அண்டர்டேக்கரை அன்னைக்கு பிராக் லெஸ்னர் தோக்கடிச்சார். திரையில 21-1 என்று வந்தது. மேட்ச்சை மட்டும் இப்போ திரும்பப் பாத்தா ரொம்பச் சுமார். மெதுவா நகருது. அண்டர்டேக்கருக்கு அந்த மேட்ச்சுலயே தலையில அடிபட்டு கன்கஷன் வேற. ஆனா நடுவர் மூணு எண்ணினதும் அந்தக் கூட்டத்தோட முகங்களைப் பாருங்க. வாயைப் பொத்திக்கிட்டு, எழவு வீடு மாதிரி. எந்த டைவும் அந்த அமைதியைக் கொண்டுவர முடியாது. அதுக்கு இருபது வருஷத்துக்கு மேல சேத்து வச்ச கதை வேணும்.

அடுத்த சாட்சி 2023 ஜனவரி 28, ராயல் ரம்பிள். மாசக்கணக்குல ரோமன் ரெய்ன்ஸ் குடும்பத்துக்குப் பின்னாடியே சுத்தி, அவமானப்பட்டு, எப்படியோ அவங்கள்ல ஒருத்தனா ஆன சாமி ஜேன் கையில ஒரு நாற்காலியைக் கொடுத்து, அவரோட பழைய நண்பன் கெவின் ஓவன்ஸையே அடிக்கச் சொல்றார் ரோமன். சாமி நாற்காலியை ரோமன் முதுகுல இறக்குறார். நாற்காலியால ஓர் அடி. நம்ம மெஸ்ல இருக்குற யார் வேணும்னாலும் அடிக்கலாம். ஆனா அரங்கமே வெடிச்சது.

இங்கதான் ஃபைட் கோஷ்டி நண்பன் குறுக்க வருவான்: "அப்போ ஒமேகா - ஒகாடா மேட்ச்? அதுல மைக்கே இல்லையே, அடி மட்டும்தானே?" நியாயமான கேள்வி. 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம், நாப்பத்தாறு நிமிஷத்துக்கு மேல. அஞ்சு ஸ்டார் வரைக்கும்தான்னு எல்லாரும் நினைச்ச அளவுகோல்ல டேவ் மெல்ட்சர் ஆறு ஸ்டார் கொடுத்த மேட்ச்.

ஆனா அதை உன்னிப்பா பாத்தா எனக்கு வேற ஒண்ணு தெரியுது. ஒமேகாவோட ஃபினிஷர் பேரு ஒன் விங்டு ஏஞ்சல். அந்த மேட்ச்சுல ஒரு தடவைகூட அவரால அதை ஒகாடா மேல போட முடியல. தோத்துட்டார். அதே வருஷம் ஜூன்ல ஒசாகாவுல போட்டுட்டார், ஆனா ஒகாடா கால் கயித்து மேல. அறுபது நிமிஷம் முடிஞ்சு டிரா. நடுவுல ஒரு தொடர்ல ஒகாடாவை ஜெயிச்சாலும் பட்டம் கைக்கு வரல. கடைசியா 2018 ஜூன்ல, அதே ஒசாகாவுல, அதே மூவ்ல பட்டம் வந்தது. ஒரே ஒரு மூவ், ஒன்றரை வருஷக் கதை. மைக் இல்லாததால கதை இல்லைன்னு ஆயிடுமா? அங்க மூவ்தான் வசனம்.

எங்க கோஷ்டி மேல எனக்கு இருக்குற புகாரும் இதுதான். கதைன்னா மைக்ல பேசுறதுன்னு நாமளே முடிவு பண்ணிட்டோம். இருபது நிமிஷம் ரெண்டு பேர் நின்னு பேசிட்டு, மூணு நிமிஷத்துல மேட்ச் முடிஞ்சா, "பில்டப்"னு சமாளிக்கிறோம். அது பில்டப் இல்ல பாஸ், ஃபில்லர். கதை ரிங்குக்குள்ள நடக்கணும். 2009 ரெஸில்மேனியாவுல அண்டர்டேக்கர் டூம்ஸ்டோன் போட்டும் ஷான் மைக்கேல்ஸ் எழுந்துட்டார். அப்போ அண்டர்டேக்கர் முகத்தைப் பாருங்க. நிஜமாவே பேய் பாத்த மாதிரி. ஒரு வார்த்தை பேசல. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமதான் மைக்கேல்ஸ் அடுத்த வருஷம் தன் கெரியரையே பணயம் வச்சு மறுபடி மோதினார், அதையும் இழந்தார்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. கதை இல்லாத இடத்தை அடியால ரொப்பணும்னா, போன வாரத்தைவிட இந்த வாரம் இன்னும் உயரத்துலேர்ந்து குதிக்கணும். முடிவு டூப்பா இருக்கலாம், தரை டூப் இல்ல. 1998-ல மிக் ஃபோலி பதினாறு அடி கூண்டு மேலேர்ந்து விழுந்தது நிஜ உடம்பு. டேனியல் பிரையன் 2016-ல கன்கஷன்களால ஓய்வு அறிவிச்சப்போ அழுதது நிஜ அழுகை. ரெண்டு வருஷம் கழிச்சு அவர் திரும்பி வந்தது நம்ம அதிர்ஷ்டம். நாம "இன்னும், இன்னும்"னு கேக்குறதுக்கு யாரோ ஒருத்தர் கழுத்து எலும்பு பில் கட்டுது.

கடைசியா ஒரு ஒப்புதல் வாக்குமூலம். போன கோடைல ஊர்ல பாரதம் நடந்தப்போ நான் ஒரு ராத்திரிகூடக் கூத்துக்கு உக்காரல. படுகளம் அன்னைக்கு மட்டும் போன் சார்ஜ் ஏத்திக்கிட்டுப் போனேன், ரீல்ஸ் எடுக்க. பீமன் தொடையில அடிச்சான், துரியோதனன் சாஞ்சான், பாஞ்சாலி கூந்தல் முடிஞ்சா. கிளிப் சூப்பரா வந்தது. எனக்கு ஒண்ணுமே தோணல. பக்கத்துல எங்க ஆயா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அது எல்லா ராத்திரியும் உக்காந்து பாத்திருந்தது. சூதாட்டத்துலேர்ந்து.

ரெண்டு பேரும் பாத்தது ஒரே அடிதான். நான் பாத்தது மூவ், ஆயா பாத்தது மேட்ச்.

அதனால பஞ்சாயத்துல என் தீர்ப்பு: கதையா அடியான்னு சண்டை போடுற நாம ரெண்டு கோஷ்டியுமே பாதிப் பேரு முழு மேட்ச் பாக்குறதே இல்ல. ஹைலைட்ஸ் பாத்துட்டுக் கருத்து சொல்றோம். இந்தச் சனிக்கிழமை நைட் எங்க ரூம்ல 2009 மேட்ச்சும் 2010 மேட்ச்சும் அடுத்தடுத்து, முழுசா. ரெண்டு கோஷ்டியும் வரலாம். அரியர்காரனும் வரலாம். ஒரே கண்டிஷன், யாரும் ஃபார்வர்டு பண்ணச் சொல்லக் கூடாது.