தென்காசியின் மூளைக்கும் ஓர் அளவு வேண்டும்

நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் எத்தனை பேரின் நோய் மருத்துவச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பெயரே கிடையாது. ‘வயசானா மறதி வரத்தான் செய்யும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மறதி நோய்க்குக் காரணமாகும் நரம்புச் சிதைவு நோய்களை ஆராய உலகம் இன்று ஒரு புதிய கருவியைப் பரிசோதித்து வருகிறது. எம்.ஆர்.ஐ. எலாஸ்டோகிராபி என்று அதற்குப் பெயர். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுபவர் தோளில் கை வைத்ததுமே எந்த இடம் இறுகிக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளையை அப்படித் தொட்டுப் பார்க்க வழியில்லை. எனவே தலைக்கு அடியில் அதிரும் ஒரு தலையணையை வைத்து, மெல்லிய அதிர்வை மூளைக்குள் அனுப்புகிறார்கள். திசு கெட்டியாக இருந்தால் அலை வேகமாகப் பாயும். இளகியிருந்தால் மெதுவாகச் செல்லும். அந்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ. படம் பிடிக்க, கணினி அதைக் கிலோபாஸ்கல் அளவாக மாற்றித் தருகிறது.

இந்த முறையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1995-ல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ராஜா முத்துப்பிள்ளை. கல்லீரல் நோயைக் கண்டறிய இது இன்று வழக்கமான பரிசோதனை. மூளையிலோ இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளை இளகியிருப்பதை 2011-ல் மேயோ குழு காட்டியது: நலமானவர்களிடம் 2.37 கிலோபாஸ்கல், நோயாளிகளிடம் 2.20. அதில் கலந்துகொண்ட நோயாளிகள் 7 பேர் மட்டுமே.

வேறுபாடு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். வயது ஏற ஏற எல்லோருடைய மூளையுமே மெல்ல இளகுகிறது என்று பெர்லின் ஆய்வாளர்கள் 2009-லேயே கண்டிருக்கிறார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களிலும் இதே இளக்கம் தெரிகிறது. ஆகவே ஓர் எண்ணை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 70 வயதுத் தென்காசிக்காரருக்கு எது இயல்பான அளவு என்பது தெரிந்தால்தான் எது குறைவு என்று சொல்லலாம். அந்த இயல்பு அளவை மேலைநாட்டுப் பட்டியலிலிருந்து கடன் வாங்குவது சரியாகாது. கல்வி, உணவு, உழைப்பு, சர்க்கரை நோய் எல்லாமே இங்கே வேறு.

இதற்கு முன்மாதிரி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரா கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10,000 பேரை இலக்காக வைத்து, ரத்தப் பரிசோதனை, நினைவாற்றல் சோதனை, எம்.ஆர்.ஐ. என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் அப்படி ஓர் ஆய்வு வேண்டும்; அதைத் தென்காசியில் தொடங்க வேண்டும் என்கிறோம்.

ஏன் தென்காசி? 2019 நவம்பரில் பிறந்த மாவட்டம் இது. அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பெரியவர்கள் தனியே இருக்கும் வீடுகள் ஏராளம். திண்ணையில் உட்கார்ந்து பல்லாண்டுகளாகப் பீடி சுற்றும் அம்மாவுக்கு, இலை வெட்டுவதும் தூள் வைத்துச் சுருட்டுவதும் கைப்பழக்கத்தில் தவறாமல் நடக்கும். கட்டுக்கு எத்தனை என்ற கணக்குதான் முதலில் பிசகும். அதைக் கவனித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. சொன்னாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் பலர் 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

‘குணப்படுத்த மருந்தில்லாத நோய்க்கு எதற்கு இத்தனை பாடு?’ என்று கேட்பார்கள். பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மூளையில் நீர் தேங்குதல் ஆகியவற்றால் வரும் தடுமாற்றம் மருத்துவத்தால் சீராகக்கூடியது; அதையும் மறதி நோய் என்று ஒதுக்கிவிடுகிறோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம், பார்வைக் குறைவு முதலான 14 காரணங்களைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் லான்செட் ஆணையம் சொல்லியிருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடிப்பதில் பயன் இல்லை என்பது பழைய பேச்சு.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவு நடக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடி வரும் ஊழியர்கள், மறதி பற்றியும் நான்கு கேள்வி கேட்கட்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையமும் கைகோத்து, கிராம அளவிலான நீண்டகால ஆய்வைத் தொடங்கட்டும். அதில் எலாஸ்டோகிராபியும் ஓர் அளவாக இடம்பெறட்டும். அந்த ஆய்வு முடிவு சொல்லும்வரை, எந்த ஸ்கேன் மையமும் இதை ‘மூளைப் பரிசோதனை பேக்கேஜ்’ என்று விலைப்பட்டியலில் போட்டு விற்க அனுமதிக்கக் கூடாது.

இந்த வரிசையை மாற்றி, கருவியை முதலிலும் மருத்துவரைப் பிறகும் தேடினால் பணம் மட்டுமே கரையும். சுகாதாரத் துறை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.