புகை குடிப்பவர் கணக்கில் வருவாரா?

வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு போகும் வழியில், பாலக்காட்டை அடுத்த புதுச்சேரியில், ஒரு தொழில் நகரம் எழ இருக்கிறது. கொச்சி–பெங்களூர் தொழில் வழித்தடத்தின் அங்கமாக 1,710 ஏக்கரில், 3,806 கோடி ரூபாயில் இதை அமைக்க 2024 ஆகஸ்டு 28 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 51,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும். வேலந்தாவளத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் வானம் பார்த்த பூமியை நம்பிச் சலித்து, விடிகாலையில் தூக்குச்சட்டியோடு பஸ் ஏறும் நம்மவர் எவரும் தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. நாமும் சொல்லவில்லை.

நாம் கேட்பது வேறு. அந்த 51,000 பேர் எங்கே குடியிருப்பார்கள்? எந்தக் காற்றைச் சுவாசிப்பார்கள்?

வாடகை குறைந்த லைன் வீடு எப்போதும் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் முளைக்கும். நம்மவர் ஆனாலும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளி ஆனாலும், அதுதான் விதிக்கப்பட்ட இடம். தேசிய நெடுஞ்சாலை 544-ல் இன்று ஓடும் லாரிகள் போதாதென்று, இனி தொழில் நகரத்தின் சரக்கும் அதிலேயே ஏறும்.

2017-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வாளையாற்றுச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்றதை நம் வாசகர்கள் மறந்திருக்க முடியாது. வேலந்தாவளத்திலும் சிறிய அளவில் அதே காட்சிதான். தாமதத்தால் வணிகருக்கு ஏற்பட்ட நட்டத்தைப் பேச ஆள் இருந்தது. வண்டிகளுக்கு நடுவே டீ விற்றவர், கிளீனர் பையன், சுமைத் தொழிலாளி ஆகியோரின் நெஞ்சுக்குள் போன கரிக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள் நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி செய்கிறது. பெருஞ்சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரை வாழ்பவர்களுக்கே கேடு அதிகம். கலிபோர்னியாவில் பெருஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள் புதிய பள்ளிக்கூடம் கட்ட 2003-லேயே சட்டம் கட்டுப்பாடு விதித்தது. நம் ஊரில் சாலைக்கு முகம் காட்டும் மனைக்குத்தான் விலை அதிகம்!

அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டுவார்கள். எந்த வரம்பு? நுண்துகளுக்கு இந்தியா வகுத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. எட்டு மடங்கு இடைவெளிக்குள் எத்தனை நோயாளிகளையும் ஒளித்துவைக்கலாம்.

இன்னொன்று. சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் அளவீடே போதும் என்பது வழக்கம். பாலக்காட்டுக் கணவாயில் இது எடுபடாது. ஆடியில் மேற்கிலிருந்து அள்ளிக்கொண்டு வரும் காற்று, மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து புழுதியோடு அடிக்கிறது. ஒரு பருவத்தில் மட்டும் கருவி வைத்தால் புகையின் பாதையில் பாதி ஊர்கள் விட்டுப்போகும். தொழிற்சாலைப் புகைபோக்கியை ஒரு கணக்காகவும், சாலையை இன்னொரு கணக்காகவும் பிரித்துப் பார்ப்பதும் மோசடியே. தொழிலாளியின் மூக்கு இரண்டையும் சேர்த்துத்தான் இழுக்கிறது.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு நம் பக்கத்து ஊர் பிளாச்சிமடையைக் காட்டுவோம். கோக்கோ கோலா ஆலை 2000-ல் வந்தது, 2004-ல் நின்றது. நட்டம் 216 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த உயர்மட்டக் குழு கணக்கிட்டது 2010-ல். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகச் சட்டமன்றம் 2011-ல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவே இல்லை. கிணறு கெட்ட பின் போட்ட கணக்கு காகிதத்தோடு போயிற்று. கெட்ட தண்ணீரையாவது கையில் ஏந்திக் காட்ட முடிந்தது. கெட்ட காற்றை எந்தக் குடத்தில் பிடித்துக் காட்டுவது?

ஆகவே முதல் ஆலை இயங்கும் முன்பே, சாலையோரக் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் கருவி வைத்து, இரு காற்றுப் பருவங்களிலும் அளக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூச்சுநோய்ப் பதிவை இப்போதே தொடங்க வேண்டும். ஒப்பிட முன்கணக்கு இல்லையென்றால் நாளை எந்த நீதிமன்றத்திலும் நமக்குப் பேச வாயில்லை. தொழிலாளர் குடியிருப்பை நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால், தொழில் நகரத் திட்டத்திலேயே சேர்த்துக் கட்ட வேண்டும். உள்ளே வரும் மாசு உண்டாக்கும் ஆலைகளுக்கு 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின்படி கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனித்தனியே அனுமதி தர வேண்டியிருப்பதால், இந்த நிபந்தனைகளை விதிக்க வழியில்லை என்று எவரும் கைவிரிக்க முடியாது.

அளவீடுகள் தமிழிலும் வெளிவர வேண்டும். சித்தூர் வட்டக் கிளைகள் இக்கோரிக்கையை இந்த மாதமே மாவட்ட ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் எழுதட்டும். தமிழிலேயே எழுதுங்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை வகுத்தது. வரும் பதிலின் படியை நமக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் அச்சிடுவோம்.