ஹோட்டல் வைக்கலாமா? ராஜினாமா லெட்டர் டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு பில் கணக்கு

எஸ்ஐபி பத்தி வீடியோ போட்டாலும் சரி, டேர்ம் இன்ஷூரன்ஸ் பத்தி போட்டாலும் சரி, கீழே ஒருத்தராவது இதைக் கேட்டுடறாங்க: "ப்ரோ, வேலை வெறுத்துப் போச்சு, ஒரு ஹோட்டல் போடலாம்னு இருக்கேன். ஓகேவா?"

போன மாசம் கேட்டவர் துரைப்பாக்கத்துல வேலை பார்க்கிறார். வயசு 31. கைக்கு வர்ற சம்பளம் 70,000. எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட், மனைவி நகையை வச்சு ஒரு கடன், எல்லாம் சேர்த்தா 20 லட்சம் புரட்டலாம். ஓஎம்ஆர்ல 24 பேர் உட்கார்ற மாதிரி டிபன் கடை. காலையும் ராத்திரியும் மட்டும். "எங்க அம்மா கைப்பக்குவத்துக்கு ஆபீஸ்ல எல்லாரும் ஃபேன் ப்ரோ" என்றார்.

நான் சொன்னது அவருக்குப் பிடிக்கலை. உங்களுக்கும் பிடிக்காமல் போகலாம். காசு கொடுக்காமல் சாப்பிட்டவங்க சொல்ற "சூப்பர்" வியாபாரக் கணக்குல வராது. ருசி வேணும்தான், ஆனால் ஒரு ஹோட்டல் ஓடுமா ஓடாதா என்பதுக்கு நான் முதல்ல கேட்கிற கேள்வி வேற. ஒரு நாளைக்கு எத்தனை பில் போட்டால் உங்க கைக்காசு கரையாது?

அவரோட எண்களையே எடுத்துப்போம். உங்க ஏரியாவுக்கு இது மாறும், முறை மாறாது.

வாடகை 60,000. மாஸ்டர், உதவி மாஸ்டர், ரெண்டு சப்ளையர், பாத்திரம் தேய்க்க ஒருத்தர், இவங்க சம்பளம் 99,000. அவங்க தங்க, சாப்பிட 20,000. கரண்ட் பில் 18,000 (கமர்ஷியல் இணைப்பு, வீட்டு பில் மாதிரி நினைக்காதீங்க). தண்ணி லாரி 8,000. ரிப்பேர், சில்லறைச் செலவு 15,000. ஆக மாசம் 2,20,000. கடையில ஒரு இட்லி விக்கலைன்னாலும் இந்தப் பணம் போகும்.

சராசரி பில் 100 ரூபாய்னு வைங்க. அதுல மளிகை, காய்கறி, எண்ணெய் 38. கேஸ் 6. இலை, மீந்து போறது, கொட்டறது 6. மிச்சம் 50. அப்போ 2,20,000-ஐ 50-ஆல் வகுத்தால் மாசம் 4,400 பில். 26 நாள் கடை திறந்தால் நாளைக்கு சுமார் 170.

நண்பர் இங்கேயே நின்னுட்டார். "170 தானே ப்ரோ, வந்துடும்."

இருங்க. உங்க சம்பளம் எங்கே? 70,000-ஐ விட்டுட்டு கல்லாவுல உட்காரப் போறீங்க. அதுவும் கடையோட செலவுதான். 20 லட்சம் எஃப்டியில 7 சதவீதத்துக்குக் கிடந்தாலே மாசம் 11,600 சொச்சம் வந்திருக்கும். கிரைண்டர், ஃப்ரிட்ஜ், அடுப்பு, டேபிள்னு போட்ட 9 லட்சம் அஞ்சு வருஷத்துல தேயும்னா மாசம் 15,000. எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க, நாளைக்கு 244 பில் வேணும். அதுக்கு மேலே வர்ற பில்தான் நீங்க தொழில் செஞ்சு சம்பாதிச்ச காசு.

இதுல இன்னொரு இடம் நிறைய பேருக்குத் தெரியறதில்லை. ஹோட்டல்ல வழக்கமா வசூலிக்கிற 5 சதவீத ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கட்டிட ஓனர் ஜிஎஸ்டி பதிவு பண்ணியிருந்தா வாடகை மேலே 18 சதவீதம், அதாவது 10,800. அது திரும்பி வராது, முழுசா உங்க செலவு. ஓனர்கிட்ட வாடகை பேசும்போதே கேட்டுடுங்க.

"உட்கார்ந்து சாப்பிட ஆள் வரலைன்னா என்ன, ஆப்ல ஆர்டர் வருமே?" வரும். அதே 100 ரூபாய் ஆர்டரை ஆப்ல போடுங்க. ஆஃபர்ல 10 ரூபாய் உங்க கணக்குல கழியுது. மீதி 90-க்கு 22 சதவீதம் கமிஷன்னு வச்சா 19.80. அந்தக் கமிஷன் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி 3.56. பார்சல் டப்பா 7. சமையல் செலவு அதே 50. கையில 10 ரூபாய் கூட முழுசா நிக்காது. கல்லாவுல ஒரு பில் தர்றதை ஆப்ல எடுக்க அஞ்சு ஆர்டர் வேணும். மாஸ்டருக்கு என்னவோ அஞ்சு தடவையும் அதே வேலைதான்.

எனக்கு இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சதில்லை. 2017-ல கோவை சரவணம்பட்டி பக்கம் நண்பன் ஆரம்பிச்ச பரோட்டா கடையில நான் 3 லட்சம் போட்டேன். முதல் நாலு மாசம் நல்ல கூட்டம். தீபாவளிக்கு ஊருக்குப் போன பரோட்டா மாஸ்டர் திரும்பி வந்து வேற கடையில சேர்ந்துட்டார், நாளைக்கு 200 ரூபாய் கூடுதலாம். அவர் மேலே எனக்கு இன்னிக்கும் கோபம் இல்லை, நாமளும் 30 சதவீத ஹைக்குக்குக் கம்பெனி மாறறவங்கதானே. ஆனால் சால்னாவோட கணக்கு அவர் தலையில மட்டும்தான் இருந்துச்சு. எங்க ரெண்டு பேருக்கும் பரோட்டா வீசக் கூடத் தெரியாது. பதினொண்ணாவது மாசம் ஷட்டரை இறக்கினோம். நாலரை லட்சத்துக்கு வாங்கின சாமான், பழைய பாத்திரக் கடையில 1,10,000-க்குப் போச்சு. ஒட்டின டைல்ஸை யாரும் வாங்க மாட்டாங்க. அட்வான்ஸ்ல ரெண்டு மாச வாடகையை ஓனர் பிடிச்சுக்கிட்டார், அக்ரிமென்ட்ல லாக்-இன் இருந்ததை நாங்க படிக்கவே இல்லை.

அதனாலதான் கேட்கிறேன்: கடை ஓடலைன்னா உங்க 20 லட்சத்துல எவ்வளவு திரும்பி வரும்? என் அனுபவத்தை வச்சு அவருக்குப் போட்டுப் பார்த்தேன். அட்வான்ஸ் 6 லட்சம் முழுசா வந்தாலும், சாமான்ல ரெண்டு, ரெண்டேகால் தேறினாலும், 8 லட்சம் சொச்சம். மிச்சம் 12 லட்சத்தை மறுபடி சேர்க்க அவருக்கு எத்தனை வருஷம் ஆகும்? நகைக்கடன் வட்டி அப்பவும் ஓடிக்கிட்டுதான் இருக்கும். அந்த நகை மனைவியோடது, இந்தக் கணக்கை அவங்களும் பார்த்தாங்களான்னு கேட்டேன். பதில் வரலை.

ஹோட்டலே வேண்டாம்னு நான் சொல்லலை. நல்லா ஓடற சின்ன மெஸ் வச்சிருக்கிறவங்க பலர் நம்மளைவிட நல்லா சம்பாதிக்கிறாங்க. ஆனால் அதிகாலை மாவு, காய் வாங்கறது, ஆள் வராத அன்னிக்குத் தானே கரண்டி பிடிக்கிறதுன்னு அவங்களுக்கு எல்லாம் அத்துப்படி. உங்களுக்கு அது இல்லைன்னா, வேலையில இருந்துகிட்டே சனி ஞாயிறுல ஆர்டர் எடுத்து செஞ்சு பாருங்க. முழு விலை வாங்குங்க, தெரிஞ்சவங்களுக்கும் சேர்த்துதான். மூணு மாசத்துல மறுபடி மறுபடி வாங்கறவங்க எத்தனை பேர்னு ஒரு நோட்டுல எழுதுங்க.

அவருக்கு நான் கொடுத்த வேலை இன்னும் சின்னது. பார்த்து வச்சிருக்கிற கடைக்குப் பக்கத்துலயே ஏற்கெனவே ஓடற டிபன் கடை எதிரே நின்னு, காலை 7-லிருந்து 10 வரைக்கும், ராத்திரி 7-லிருந்து 10 வரைக்கும் ஆள் எண்ணணும். செவ்வாய், புதன், வெள்ளி மூணு நாள். சலிச்சுக்கிட்டார், ஆனால் செஞ்சார். செவ்வாய் 231. புதன் 218. வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை, அன்னிக்கு 94. அதுவும் அந்த ஏரியாவுல பேர் வாங்கின கடைக்கு.

அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய நாள் வந்த திங்கள். ஓனர்கிட்ட ஒரு மாசம் டைம் கேட்டிருக்கார். இப்போ மேடவாக்கத்துல குடியிருப்புப் பகுதியில 22,000 வாடகைக்கு, டேபிளே போடாத பார்சல் கடை ஒண்ணைப் பார்த்துக்கிட்டு இருக்கார். அந்தத் தெருவுலயும் போய் எண்ணச் சொல்லியிருக்கேன்.