பின்னால் பார்த்தாயா?

மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறிப் பாருங்கள். ஸ்டீரிங் சுடும். பெல்ட் கொக்கி சுடும். ஏர்கோன் குளிர்வதற்குள் சட்டை நனைந்துவிடும். "கூரை உள்ள பார்க்கிங் கிடைக்கவில்லையே" என்று நாம் புலம்புவதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்.

கூரையில்லாத பார்க்கிங் என்றால் என்னவென்று எனக்கு உண்மையில் புரிந்தது ஈராண்டுக்கு முன், கனடாவில். என் அக்கா வின்னிப்பெக் நகரில் தாதியாக வேலை செய்கிறாள். வானொலியில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜனவரியில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த மாதத்தில் அங்கே இரவு வெப்பநிலை மைனஸ் 30 வரை இறங்குவது அதிசயமல்ல. அக்கா குடியிருப்பது அடுக்குமாடி வீட்டில். கார் நிற்பதோ திறந்தவெளியில்.

முதலில் எல்லாமே எனக்கு வேடிக்கைதான். அங்குள்ள கார்களின் முன்பக்கத்தில் ஒரு வயர் பிளக்கோடு தொங்குகிறது. பார்க்கிங் கம்பத்தில் சாக்கெட் இருக்கிறது. "எல்லாம் மின்சாரக் காரா அக்கா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அது இஞ்சினுக்குப் போடும் ஹீட்டராம். கடுங்குளிரில் இஞ்சின் எண்ணெய் கெட்டியாகும். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே, டைமர் வைத்து இஞ்சினின் கூலண்டைச் சூடாக்குகிறார்கள். இல்லையென்றால் காலையில் கார் அசையாது.

வைப்பரை இரவே தூக்கி நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியோடு ஒட்டி உறைந்துவிடும். கண்ணாடி கழுவும் தொட்டியில் நாம் ஊற்றுவதுபோல் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதுவும் உறைந்துவிடும். அதற்கென்றே குளிர்கால திரவம் விற்கிறார்கள். "உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணி ஊத்தினா என்ன?" என்று என் மூளையைக் காட்டினேன். "கண்ணாடி வெடிச்சிடும், நீதான் காசு கொடுக்கணும்" என்றாள் அக்கா.

இதெல்லாம் தெரிந்துகொண்ட தைரியத்தில்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

ஒருநாள் இரவு முழுக்கப் பனி கொட்டியது. காலையில் ஆறு வயது அக்கா மகனைப் பள்ளியில் விட வேண்டும். அக்கா சமையலறையில் இருந்தாள். "நான் போய் காரைத் துடைச்சு வைக்கிறேன், நீ மெதுவா வா" என்று அவனையும் அழைத்துக்கொண்டு இறங்கினேன். வெளியே பிள்ளை நடுங்கினான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஞ்சினை முடுக்கி, ஹீட்டரைத் திருப்பி, அவனைப் பின்னால் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். பிறகு கூரையில் கிடந்த பனியைத் தள்ள ஆரம்பித்தேன்.

பக்கத்துக் காரின் உரிமையாளர், வயதான வெள்ளைக்காரர், திடீரென்று ஓடிவந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கி வெளியே நிறுத்தினார். இஞ்சினை நிறுத்தினார். பிறகுதான் காரின் பின்பக்கத்தைக் கை காட்டினார்.

விடியற்காலையில் பாதையைச் சுத்தம் செய்த வண்டி, ஒதுக்கிய பனியை எங்கள் காருக்குப் பின்னால் குவித்துவிட்டுப் போயிருந்தது. புகைக்குழாய் அதற்குள் புதைந்து கிடந்தது.

"தூக்கமா வருது சின்னம்மா" என்றான் அவன்.

குழாய் அடைபட்டால் புகை வெளியேற வழியில்லாமல் காருக்கு அடியில் தேங்கி, உள்ளே கசியும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், தூக்கம் வரும். பிறகு எழுந்திருக்கவே முடியாது. 2016 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கணவர் வெளியே பனியை அள்ளிக்கொண்டிருந்தபோதே, காருக்குள் சூடாக இருக்கட்டும் என்று உட்கார வைத்த மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும் இப்படித்தான் இறந்துபோனார்கள். நான் செய்ததும் அதே காரியம்தான்.

அக்கா அவனை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பரிசோதித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

இப்போது நம் வீடுகளிலும் கனடாவில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பனி பார்க்க வேண்டுமென்று டிசம்பர் விடுமுறைக்குப் போய் அங்கே கார் வாடகைக்கு எடுக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. கம்பளிக் கோட்டு வாங்கிக் கொடுக்கிறோம், கூடவே இதையும் சொல்லி அனுப்புங்கள். இஞ்சினைத் தொடுமுன் மண்வாரியோடு காருக்குப் பின்னால் போக வேண்டும். குழாயைச் சுற்றியுள்ள பனியை நன்றாக அகற்ற வேண்டும். கார் முழுவதும் சுத்தமாகும்வரை பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும். கூரைப் பனியை அப்படியே விட்டுக் கிளம்பவும் கூடாது. பிரேக் பிடித்தால் அது சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும். வேகமாகப் போனால் பின்னால் வருபவர்மேல் பறந்து விழும். வழியில் பனியில் சிக்கிக்கொண்டாலும் குழாய்தான் முதல் வேலை. இஞ்சினைத் தொடர்ந்து ஓட விடாமல் அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் ஓட்டி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும்.

அக்கா மகனுக்கு இப்போது எட்டு வயது. சென்ற ஆண்டு முதல் பனி விழுந்த அன்று எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "சின்னம்மா, நான் பின்னால போய் பார்த்துட்டேன். பைப் கிளியரா இருக்கு."

தினமும் எத்தனையோ நேயர்களின் குரலைக் கேட்கிறேன். இந்தப் பதிவை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.