சுழலும் மாளிகையில் ஈசான்ய மூலை எது?

நமது நண்பர் ஒருவர், கணக்கர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டி மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினார். காற்று வந்தது, வெளிச்சம் வந்தது, தண்ணீரும் வந்தது. பிறகு வாஸ்து நிபுணர் என்று ஒருவரும் வந்தார். தெற்குப் பார்த்த வாசல் குடும்பத்திற்கு ஆகாது என்றும், ஈசான்ய மூலையில் கக்கூஸ் இருப்பது மகா தோஷம் என்றும் சொல்லி, தட்சிணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நண்பர் கடன் வாங்கிச் சுவரை இடித்தார். கக்கூஸை இடம் மாற்றினார். இப்பொழுது கீழ்வீட்டுக்காரர் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது. நாள்தோறும் அவரோடு சண்டை. தோஷம் போயிற்றோ இல்லையோ, பணமும் நிம்மதியும் போயின.

இப்படிப்பட்டவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். வீடே சுழன்றால் என்ன செய்வீர்கள்?

இது புராணக் கதையல்ல. இத்தாலியில் வெரோனா நகருக்கு அருகில் அஞ்சலோ இன்வெர்னிஸி என்னும் இஞ்சினீயர் 1929-இல் தொடங்கி 1935-இல் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். அதன் பெயர் ‘சூரியகாந்தி’. சுமார் 1,500 டன் எடையுள்ள அவ்வீடு, வட்டமான தண்டவாளங்களின்மேல் சக்கரங்களில் நின்று, சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்பும்படி அமைக்கப்பட்டது. பிரேசில் தேசத்துக் குரிட்டிபா நகரில், ஒன்றன்மேல் ஒன்றாக 11 வீடுகள் தனித்தனியே சுழலும்படி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மாளிகை எழும்பியது. 2008-இல் டேவிட் ஃபிஷர் என்ற சிற்பி, துபாயில் 420 மீட்டர் உயரத்தில் 80 மாடிகளும் தனித்தனியே சுழலும் கோபுரம் கட்டப்போவதாக அறிவித்தார். அது மட்டும் காகிதத்தைவிட்டு எழும்பவில்லை.

இதில் ஆசை என்னவென்றால், நமது அடையாற்றில் கடலைப் பார்த்த வீட்டிற்கு ஒரு விலை, கொல்லைப்புறத்தைப் பார்த்த வீட்டிற்கு ஒரு விலை. சுழலும் மாளிகையிலோ கடலும் காற்றும் வெயிலும் எல்லோருக்கும் முறை வைத்துக் கிடைக்கும். பணக்காரர் விளையாட்டுத்தான், ஆனாலும் புத்தியுள்ள விளையாட்டு.

அப்படியானால் உலகமெங்கும் ஏன் கட்டவில்லை? திரிகையைப் பாருங்கள். அடிக்கல்லும் நடுமுளையும் அசைவதில்லை. மேற்கல் மட்டும் சுற்றுகிறது. சுழலும் மாளிகையும் அப்படியே. அசையாத நடுத்தண்டு ஒன்று வேண்டும். மாடிகள் அதைப் பற்றிக்கொண்டு சுற்ற வேண்டும். சுற்றும் விசை பெரிய காரியமல்ல. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக் கோபுரத்தில் 1962-இல் அமைத்த சுழலும் சாப்பாட்டுச் சாலையை ஒரே ஒரு குதிரைச்சக்தி மோட்டார் சுற்றிவிட்டது. கஷ்டமெல்லாம் வேறு. மின்சாரத்தை, மின்சார ரயில் மேல்கம்பியை உரசி எடுத்துக்கொள்வதுபோல் எடுக்கலாம். சாக்கடைக் குழாயை எப்படிச் சுழற்றுவது? எனவே குழாய் தேவைப்படும் கக்கூஸையும் அடுப்படியையும் அசையாத நடுப்பகுதியிலேயே வைப்பது எளிது. மாடிகள் திரும்பத் திரும்பக் கட்டடத்தின் உருவம் மாறும். உருவம் மாறினால் காற்று மோதும் விசையும் மாறும். 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா போன்ற புயலில் அது எத்தனை பெரிய கணக்கு! தீப்பிடித்தால், எந்த நிலையில் நின்றாலும் மாடிப்படிக்கு வழி இருக்க வேண்டும். சக்கரம் தேய்ந்தால் எண்பதாவது மாடியில் மாற்ற வேண்டும். இவை இஞ்சினீயரின் கவலைகள்.

இனி வாஸ்துக்காரரின் கவலைக்கு வருவோம். காலையில் ஈசான்யமாயிருந்த மூலை, காப்பி குடித்து முடிப்பதற்குள் அக்கினி மூலையாகிவிடும். சாப்பாட்டு வேளையில் கன்னி மூலையாகிவிடும். மணிக்கொரு தோஷமும் மணிக்கொரு பரிகாரமுமா? அன்றியும், வீட்டின் நடுவிடம் பிரம்மஸ்தானம், அங்கே தூணும் கக்கூஸும் கூடவே கூடாது என்பது அவர்கள் விதி. இஞ்சினீயரோ சரியாக அங்கேதான் தூணையும் கக்கூஸையும் வைத்தாக வேண்டும்! வாஸ்து மெய்யானால் குரிட்டிபா வீடு நிற்கவே கூடாது. அது நிற்கிறது.

திசையே பொய் என்று நாம் சொல்லவில்லை. சென்னையில் மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலில் கொதிக்கும். கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். இதை அறிந்து ஜன்னல் வைப்பது அறிவு. தெற்கு எமன் திசை என்று, வருகிற தென்றலுக்குக் கதவை அடைப்பது அறிவா? கும்பிடுகிற தட்சிணாமூர்த்தி தெற்குப் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கிறார்? மயிலாப்பூர்க் கபாலீசுவரர் மேற்குப் பார்த்தல்லவா நிற்கிறார்? சாமிக்கு ஆகிற திசை, குடியிருப்பவனுக்கு ஆகாதாம்!

இந்தச் சாஸ்திரத்தின் யோக்கியதை இன்னும் இருக்கிறது. பிருகத் சம்ஹிதை, மயமதம் முதலிய நூல்களில் பிராமணனுக்கு வெள்ளை மண், க்ஷத்திரியனுக்குச் சிவப்பு மண், வைசியனுக்கு மஞ்சள் மண், சூத்திரனுக்குக் கறுப்பு மண் என்று மண்ணுக்கும் வருணம் பிரித்திருக்கிறார்கள். தியாகராயநகரில் வாஸ்துப்படி வீடு தேடும் தோழர்கள், அந்தச் சாஸ்திரம் தங்களுக்கு எந்த மண்ணை ஒதுக்கியது என்று முதலில் படித்துப் பார்க்கட்டும்.

மண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். நிறத்தையல்ல, தாங்கும் பலத்தை. 2014 ஜூன் 28-இல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அன்று ‘வாசல் எந்தத் திசை’ என்பதா கேள்வி? மண் என்ன, அஸ்திவாரம் என்ன, தூண் என்ன என்பதே கேள்வி. ஈசான்யத்தில் நீர் இருந்தால் செல்வம் கொழிக்கும் என்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது எல்லா மூலையிலும் நீர் இருந்தது, செல்வமா கொழித்தது? 2017 மே 31-இல் தியாகராயநகரில் ஏழு மாடித் துணிக்கடை தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டது. நெருப்பு அக்கினி மூலையோடு நின்றுவிட்டதா?

ஆகவே வீடு வாங்கும் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். மண் பரிசோதனைக் காகிதம் எங்கே? அனுமதித்த வரைபடம் எங்கே? மழைநீர் போக வழி எங்கே? தீப்பிடித்தால் இறங்கும் படி எங்கே? இந்த நான்கையும் கேளுங்கள். வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் தட்சிணையை ஒரு நல்ல இஞ்சினீயருக்குக் கொடுங்கள். சுவரை இடிக்குமுன் அது எதைத் தாங்குகிறது என்று அவரைக் கேளுங்கள்.

வீடு சுழல்வது அவ்வளவு அவசியமில்லை. நமது புத்தி கொஞ்சம் திரும்பினால் போதும்.